பன்னிரண்டு கோடி வருஷமும் ஒரு டம்ளர் டீயும்!

சென்னையிலிருந்து திருச்சிக்கு ராத்திரி பஸ்ஸில் போகிற நம்மில் பாதிப் பேருக்குப் பெரம்பலூர் என்பது ஓர் ஊரே அல்ல. அரைத் தூக்கத்தில் காதில் விழுகிற ஒரு குரல். 'டீ, காபி சாப்பிடறவங்க சாப்பிடலாம்… பஸ் பத்து நிமிஷம் நிக்கும்!' கண்ணைத் திறந்தால், பக்கத்து ஸீட்காரரின் தலை நம் தோளில் இருக்கும். அதை லேசாக அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவோம்.

ஒரு தடவை இறங்கித்தான் பாருங்களேன்!

பெரம்பலூரில் இறங்கி அரியலூர் பஸ் பிடித்தால், வழியில் வருகிற ஊர் குன்னம். தாலுகா தலைநகரம். அருவி கிடையாது. மலை கிடையாது. சினிமாக்காரர்கள் வந்து டூயட் எடுத்ததாகவும் தகவல் இல்லை. ஜன்னலுக்கு வெளியே கரிசல் மண். பருவத்தைப் பொறுத்து மக்காச்சோளமோ பருத்தியோ நிற்கும். நடுநடுவே சின்ன வெங்காயம். அறுத்த வெங்காயத்தைக் காற்றாடச் சேமித்து வைக்கிற பட்டறைகள் வயலோரம் குட்டிக் குடிசைகள் மாதிரித் தெரியும். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2007-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் குன்னம் பெரம்பலூர் பக்கம் நின்றுவிட்டது.

'இப்படி ஒண்ணுமே இல்லாத ஊருக்கு எதுக்குப் போகணும்?' என்று கேட்பீர்கள். நான் வருஷத்துக்கு இரண்டு தடவை போகிறேன். ஆபீஸில் லீவ் கேட்டால், 'குன்னமா, குன்னூரா?' என்று கேட்பார்கள். 'குன்னம் சார்' என்றால் உடனே சாங்ஷன் ஆகிவிடும். குன்னூருக்குப் போகிறவன்மேல்தான் பொறாமை வரும். குன்னத்துக்குப் போகிறவன்மேல் பரிதாபம்தான்.

அங்கே என் மாமா இருக்கிறார்.

மாமா அரசு பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனவர். இடது விரல் இடுக்கில் நோட்டு, தோளில் பை, வாயில் விசில். விசில் இல்லாத நேரத்தில் வெற்றிலை, புகையிலை. 'முதல் ட்ரிப்புக்குத் தூக்கம் வராம இருக்கணும் மாப்ளே' என்று ஆரம்பித்த பழக்கம். தூக்கம் வராமல்தான் போயிற்று. வேறு காரணத்துக்காக!

ரிடையர் ஆன நாலாவது மாதம் நாக்கின் ஓரத்தில் ஒரு புண். வலியே இல்லை. பல் உரசுகிறது என்று நினைத்தார். ஒருத்தர் களிம்பு கொடுத்தார். இன்னொருத்தர் 'உடம்புச் சூடு' என்றார். மாமா எண்ணெய் தேய்த்துக் குளித்தார். புண் மட்டும் குளிரவே இல்லை. மூன்றாவது மாதம், அத்தை அவரை வலுக்கட்டாயமாக பஸ் ஏற்றிச் சென்னையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். சதையில் துளி எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்.

ரிடையர் ஆனதும் காசி, ஹரித்வார் என்று மாமா ஒரு லிஸ்ட் வைத்திருந்தார். கடைசியில் அவர் போன டூர், சைதாப்பேட்டை டு அடையாறு. அதுவும் 30 தடவை! நாக்கின் ஓரத்தில் கொஞ்சம் வெட்டி எடுத்த பிறகு, 30 நாள் கதிர்வீச்சு. வாரத்துக்கு ஐந்து நாள், சனி ஞாயிறு லீவ், ஆக ஆறு வாரம். 'இதுக்கும் ஆபீஸ் மாதிரி வீக் எண்ட் விடறான் மாப்ளே' என்று சிரித்தார். தலை அசையக் கூடாது என்று முகத்துக்கு அளவெடுத்து ஒரு வலை முகமூடி செய்து மாட்டுவார்கள். மெஷின் வேலை செய்வது சில நிமிஷம்தான். வலிக்காது. வலியெல்லாம் அப்புறம்தான் தவணை முறையில் வரும்.

வாய் உலர்ந்தது. கழுத்துத் தோல் கறுத்தது. மூன்றாவது வாரம் அத்தை வைத்த மிளகு ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, 'வெந்நீர் மாதிரி இருக்கு' என்றார். கல்யாணமாகி 34 வருஷத்தில், சமையலைக் குறை சொல்லி அத்தை கோபித்துக்கொள்ளாதது அன்றைக்குத்தான். திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாமா என்ன செய்தார் தெரியுமா? பழைய டிக்கெட் கட்டு ஒன்றை ஊரிலிருந்து வரவழைத்து, அதில் 30 டிக்கெட்டை எண்ணி வைத்துக்கொண்டார். தினம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஒன்றைக் கிழிப்பார். 'இன்னும் பதினேழு ஸ்டாப் இருக்கு… இன்னும் பதினாறு…' பேச முடியாத நாட்களில் விரலால் காட்டுவார்.

முப்பதாவது நாள் நானும் லீவ் போட்டுக் கூடப் போயிருந்தேன். முடிந்து வெளியே வந்தோம். கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒன்றும் பேசாமல் வந்தார். அங்கே நின்று, சட்டைப் பையிலிருந்து பழைய விசிலை எடுத்தார். உலர்ந்த உதட்டை நனைக்கத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தார். ஒரே ஊது! பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாமா எங்களைப் பார்த்து, 'போலாம் லைட்!' என்றார்.

அது 'ரைட்'தான். நாக்கில் கொஞ்சம் போய்விட்டதால் 'ர' வராது. இன்றைக்கும் அவருக்கு எல்லாமே 'லைட்'தான்!

'உள்ளேயே ஊதியிருக்கலாமே மாமா?' என்று கேட்டேன். 'வரிசையில உக்காந்திருக்கிறவங்க காதுல விழக் கூடாது மாப்ளே. அவங்களுக்கு இன்னும் ஸ்டாப் வரலை' என்றார்.

வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்ததும் நோயாளி ஒரு மணியை அடிக்கிற வழக்கம் உண்டு. 1996-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் ஆரம்பித்தது அது. இர்வ் லெமாய்ன் என்கிற கடற்படை அதிகாரி, கடற்படையில் வேலை முடிந்தால் மணி அடிப்பது வழக்கம் என்று சொல்லி, ஒரு பித்தளை மணியைக் கொண்டுபோய் அங்கே மாட்டி அடித்தார். அவருக்கு வந்ததும் தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்தான். கப்பல்காரருக்கு மணி. கண்டக்டருக்கு விசில். மாமாவுக்கு அந்த அதிகாரியைத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு ஸீட் ஒதுக்கிக் கொடுத்திருப்பார்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இனி குன்னம்.

மாமாவின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். முதல் ட்ரிப் பழக்கம். எழுந்து உட்கார்வார். வேலை இல்லை என்பது ஞாபகம் வரும். மறுபடியும் படுத்துக்கொள்வார். 'எழுந்திருக்க வேண்டாம்னு தெரிஞ்சு படுக்கிறோம் பாரு, அதுக்காகத்தான் மாப்ளே முதல்ல எழுந்திருக்கிறதே!' என்கிறார். திங்கட்கிழமை காலை அலாரத்தை மூன்று தடவை அமுக்குகிற நமக்கு இந்தத் தத்துவம் சட்டென்று புரியும்.

ஆறரைக்கு நடை. ஏரிக்கரை வரைக்கும். தோளில் தண்ணீர் பாட்டில். கதிர்வீச்சில் எச்சில் சுரப்பிகள் அடிபட்டதால் வாய் உலர்ந்துகொண்டே இருக்கும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு மடக்கு. 'முந்தி வாயைத் திறந்தா புகையிலை. இப்பத் திறந்தா தண்ணி. ஊரே மரியாதையாப் பார்க்குது' என்பார். நடந்து வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று வாயை அகலத் திறந்து திறந்து மூட வேண்டும். தாடை இறுகிவிடாமலிருக்க டாக்டர் சொன்ன பயிற்சி. பேரன் பக்கத்தில் நின்று அதையே செய்வான். இரண்டு பேரும் குளத்து மீன் மாதிரி இருப்பார்கள்.

பத்து மணிக்குப் பஸ். ஆமாம், ஒரு வேலையும் இல்லாமல் பஸ்! குன்னத்தில் ஏறி அரியலூர் வரைக்கும் போவார். ஜன்னல் ஸீட். 'முப்பத்தோரு வருஷம் இந்த ரோட்டுல எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பேன். ஒரு தடவைகூட ஜன்னல் வழியாப் பார்த்ததில்லை மாப்ளே. பார்த்ததெல்லாம் கை, காசு, சில்லறை. ரெண்டு பக்கமும் இவ்வளவு பருத்தி வெடிக்குதுன்னு இப்பத்தான் தெரியுது!' என்றார். கண்டக்டர் சில்லறைக்குத் திண்டாடினால் மாமாவின் பையிலிருந்து தானாக வரும். இறங்கும்போது, 'முன்னாடி நகருங்கப்பா, உள்ளே காலியா இருக்கு' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்.

பதினோரு மணிக்கு டீ. இதுதான் நாளின் உச்ச கட்டம். சிகிச்சை முடிந்து நாலு மாதம் வரைக்கும் டீ என்பது அவருக்குச் சுடுகிற பழுப்புத் தண்ணீர். ஐந்தாவது மாதம் ஒரு நாள், கடை பெஞ்சில் உட்கார்ந்து வழக்கம்போல ஆறவைத்துக் குடித்தவர் அப்படியே நின்றுவிட்டாராம். 'டீ மாஸ்டர், இன்னிக்குச் சக்கரை போட்டியா?' 'தினம் போடறேனே சார்!' அங்கேயே இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தார். அப்புறம் பெஞ்சிலிருந்த ஏழு பேருக்கும் அவர் செலவில் டீ. பென்ஷன் கணக்கில் அது பெரிய தொகை. 'போனஸ் வந்த மாதிரி இருந்துச்சு' என்கிறார்.

எட்டாவது மாதம் தயிர் சாதத்துக்குச் சின்ன வெங்காயம் கடித்தார். அதற்கு முன்னால் அந்தக் காரம் நாக்கைத் தீயாகச் சுடும். அன்றைக்கும் எரிந்தது. ஆனால், எரிச்சலுக்குப் பின்னால் அந்த இனிப்பு வந்தது. அத்தை உடனே எனக்குப் போன் செய்தாள். 'உங்க மாமா வெங்காயம் தின்னுட்டாருப்பா!' நான் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தேன். எழுந்து வெளியே வந்து, காரிடாரில் நின்று, ஒரு வெங்காயத்துக்காகக் கண் கலங்கினேன். உரிக்காமலே கலங்க வைக்கிற வெங்காயம் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாயங்காலம் சில நாள் பழைய டி.வி.எஸ். வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவார். அப்படித்தான் சாத்தனூர் போனோம்.

பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், சாத்தனூர் கல்மரம். அது இங்கேதான் இருக்கிறது. 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் தரையில் படுத்திருக்கிறது. தொட்டால் கல். சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தையது. அப்போது கடல் இந்தப் பகுதிவரை உள்ளே வந்திருந்தது. நதி அடித்துக்கொண்டு வந்த மரம் மண்ணில் புதைந்து, மரத்தின் திசுக்களுக்குள் தாதுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, வடிவம் மாறாமலே கல்லாகிவிட்டது. 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் என்கிற புவியியல் அறிஞர் இதை உலகத்துக்குச் சொன்னார். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் முதல் இந்திய டைரக்டராகப் பின்னாளில் ஆனவர் அவர்தான். அதற்கும் முன்னால் 1862-லேயே பிளான்போர்டு என்கிற வெள்ளைக்காரர் இந்தச் சீமையின் பாறைகளைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். உலகம் முழுக்கப் பாறை படிக்கிறவர்களுக்கு அரியலூர் என்றால் தெரியும். நமக்குத்தான் 'டீ, காபி சாப்பிடலாம்!'

குன்னத்துக்கே ஒரு டைனோசர் கதை உண்டு. 2020 அக்டோபரில் ஊர்க் குளம் ஒன்றைத் தூர் வாரியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. 'டைனோசர் முட்டை!' என்று வாட்ஸ்அப்பில் பறந்தது. கூட்டம் கூடிவிட்டது. நிபுணர்கள் வந்து பார்த்துவிட்டு, 'முட்டை இல்லை. அம்மோனைட் என்கிற கடல் உயிரினத்தைச் சுற்றி மண் படிந்து இறுகிய உருண்டை' என்றார்கள். பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் செந்துறை பக்கம் 2009-ல் கிடைத்தது நிஜமாகவே டைனோசர் முட்டைகள். குன்னத்துக்காரர்களுக்கு இதில் லேசான வருத்தம். 'அவங்களுக்கு முட்டை, எங்களுக்கு நத்தை!' என்றார் டீக்கடைக்காரர்.

கல்மரத்தின் பக்கத்தில் மாமா கொஞ்ச நேரம் நின்றார். நான் வழக்கமாக எல்லாரும் சொல்வதைச் சொன்னேன். 'பன்னிரண்டு கோடி வருஷம்! இதுக்கு முன்னால நம்ம வாழ்க்கையெல்லாம் தூசு மாமா.'

'அப்படி ஏன் நினைக்கிற? இது பன்னிரண்டு கோடி வருஷமாச் சும்மா படுத்துக் கெடக்கு. ஒரு டம்ளர் டீ குடிச்சிருக்குமா?' என்றார் மாமா.

ஆபீஸில் எத்தனையோ தன்னம்பிக்கை வகுப்புகளுக்கு என்னைக் கட்டாயப்படுத்தி அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றில்கூட இதைச் சொல்லவில்லை.

பெரிய மனிதர்களின் கதை நமக்குத் தெரியும். யுவராஜ் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் உலகக் கோப்பை. அடுத்த வருஷமே அமெரிக்காவில் புற்றுநோய்ச் சிகிச்சை. 2012 செப்டம்பர் 11-ம் தேதி, நம் சேப்பாக்கத்தில் நியூஸிலாந்துக்கு எதிராக மறுபடி மட்டை பிடித்தார். 34 ரன் எடுத்தார். மேட்சில் இந்தியா ஒரு ரன்னில் தோற்றது. ஆனாலும், அன்றைக்கு ஸ்டேடியத்திலிருந்து யாரும் தோற்ற முகத்தோடு போயிருக்க மாட்டார்கள். அது அவருக்கு. சிகிச்சை முடித்துவிட்டுச் சத்தமில்லாமல் ஊர் திரும்புகிற ரிடையர்ட் மனிதர்களுக்குச் சேப்பாக்கம் எது? டீக்கடை பெஞ்ச்தான். அங்கே எட்டுப் பேர் கை தட்டினால் போதும்.

நன்றி சொல்லும் விஷயத்தில் வீட்டுக்குள் இரண்டு கட்சி. அத்தை கட்சி, சிறுவாச்சூர் மதுரகாளியம்மன். அந்தக் கோயிலின் விசேஷம், வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் வழக்கமாக நடை திறப்பார்கள். (நம் ஆபீஸில் இந்த முறையைக் கொண்டுவர யாராவது யூனியன் போராடக் கூடாதா?) முப்பது நாளும் நல்லபடியாக முடிந்தால் மாவிளக்குப் போடுவதாக அத்தை வேண்டியிருந்தாள். போட்டாள். இப்போதும் போடுகிறாள்.

மாமா கட்சி வேறு. கண்டக்டர்கள் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் டிக்கெட் கணக்கு எழுதுகிற தாளுக்கு 'இன்வாய்ஸ்' என்று பெயர். மாமா ஒரு பாக்கெட் நோட்டில் தினமும் ராத்திரி ஓர் இன்வாய்ஸ் எழுதுகிறார். அன்றைக்கு யார் யாரால் நாள் ஓடியது என்கிற கணக்கு. ஒரு நாள் பக்கத்தைப் பார்த்தேன். 'டீ மாஸ்டர் – ஆறவச்சுக் கொடுத்தான். டிரைவர் – ஏறும் வரை நிறுத்தினார். பேரன் – வாய்ப் பயிற்சி. அவ – குழைஞ்ச சாதம், முகம் சுளிக்காம.' அத்தைக்கு நேரில் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை மனிதர். இன்வாய்ஸில் தினமும் ஓர் என்ட்ரி!

முதல் பக்கத்தில் இரண்டு டாக்டர்களின் பெயர் இருந்தது. ஒன்று, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் பிறந்தவர். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையில், மற்றவர்களுக்காக ஓர் ஆஸ்பத்திரி வேண்டுமென்று பல வருஷம் அலைந்தார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி ஆரம்பமானது. இரண்டாவது பெயர், டாக்டர் சாந்தா. 1955-ல் அங்கே சேர்ந்தவர், 2021 ஜனவரியில் 93 வயதில் மறையும்வரை அதை விட்டுப் போகவில்லை. மகசேசே விருது, பத்ம விபூஷண் எல்லாம் வந்தன. 'நான் இவங்க ரெண்டு பேரையும் பார்த்ததே இல்லை மாப்ளே. நான் ஏறின பஸ்ஸுக்கு ரோடு போட்டவங்க. எழுத வேண்டாமா?' என்றார் மாமா.

எழுதி வைப்பதோடு கணக்குத் தீர்ந்துவிடவில்லை. சுற்றுப்பட்டில் யாருக்காவது இந்த வியாதி என்று தெரிந்தால் மாமா போய் நிற்கிறார். கிராமத்து ஜனங்களுக்கு வியாதியைவிடப் பயம் ஆஸ்பத்திரிக் கவுண்ட்டரிடம்தான். எந்த வரிசை, எந்த ஃபாரம், எந்தக் கையெழுத்து? மாமாவுக்கு எல்லாம் மனப்பாடம். வருஷ வருமானம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்கு உதவி உண்டு. ஆஸ்பத்திரியில் ரயில்வே ஃபாரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால், புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் தேர்ட் ஏ.ஸி.யிலும் முழுக் கட்டணச் சலுகை. துணைக்குப் போகிறவருக்கு 75 சதவிகிதம். அரியலூர் ஸ்டேஷனில் ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு, பல தடவை தானும் கூட ஏறிக்கொள்கிறார். இதுவரை ஒன்பது பேர். டிக்கெட் கிழிக்காத கண்டக்டர்!

'ரிடையர் ஆனப்புறம் எதுக்கு இந்த அலைச்சல்?' என்று அத்தை முணுமுணுப்பாள். ஆனால், ரயிலுக்கு இட்லி கட்டிக் கொடுக்கும்போது எண்ணிப் பார்த்தால் நோயாளிக்கும் சேர்த்து இருக்கும்.

எல்லாம் நன்றாக இருக்கிறதே என்று தோன்றும். ஒன்று மட்டும் உண்டு. ரிவ்யூ!

சிகிச்சை முடிந்தாலும் வியாதி திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்கப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். முதலில் மாதா மாதம் மாதிரி அடிக்கடி. பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போகும். தேதி நெருங்கினால் மாமாவுக்குப் பேச்சு குறையும். பதினோரு மணி டீ பாதியில் நிற்கும். நாக்கு தானாக அந்தத் தழும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். போன தடவை நான் குன்னம் போனது அப்படி ஒரு வாரத்தில்தான்.

'என்ன மாமா, பயமா?'

'செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறுறப்ப எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது மாப்ளே. எல்லார்கிட்டயும் டிக்கெட் கொடுத்திருப்போம். கணக்குச் சரியா இருக்கும். ஆனாலும் வயித்துல ஒண்ணு பிசையும். யாராவது ஒருத்தர் டிக்கெட் வாங்காம விட்டிருப்பானோன்னு. அதே பிசைதான்.' கொஞ்ச நேரம் கழித்து, 'ஆனா, இன்ஸ்பெக்டர் வருவார்னு பஸ்ஸை எடுக்காம இருக்க முடியுமா?' என்றார்.

அந்த வாரம்தான் டீக்கடையில் அந்தச் சம்பவம். பைக்கில் வந்த ஒரு பையன். இருபத்து நாலு, இருபத்தைந்து வயசு இருக்கும். நல்ல சட்டை, கழுத்தில் கம்பெனி ஐ.டி. கார்டு. டீயைக் குடித்துவிட்டு ஒரு பொட்டலத்தைப் பிரித்து உதட்டுக்குள் அடக்கப் போனான். மாமா எழுந்து போய், 'தம்பி, ஆ காட்டு' என்றார்.

'எதுக்குங்க?'

'நான் முதல்ல காட்டறேன்' என்று தன் வாயைத் திறந்து காட்டினார். ஓரம் இல்லாத நாக்கு. பையன் முகம் வெளுத்துவிட்டது. பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக அவனும் 'ஆ' காட்டினான். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு படலம்.

மாமா திட்டவில்லை. 'அடுத்த வாரம் நான் மெட்ராஸ் போறேன். நீயும் வர்றே. லீவ் கிடைக்கலைன்னா உன் மேனேஜர் நம்பரைக் கொடு, நான் பேசறேன்' என்றார். 'ர' வராத நாக்கால் 'மேனேஜல்' என்றதும் பையன் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

இந்திய ஆண்களை அதிகமாகப் பிடிப்பது வாய்ப் புற்றுநோய்தான். காரணத்தில் பெரும் பங்கு புகையிலைக்கு. 2016-17-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் 28.6 சதவிகிதம் பேர் ஏதாவது ஒரு வடிவத்தில் புகையிலையைத் தொடுகிறவர்கள். உங்கள் ஆபீஸில் பத்துப் பேர் இருந்தால், இரண்டு மூன்று பேரை உங்களுக்கே தெரியும். வாயில் இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை அகலத் திறக்க முடியாமல் இறுகுவது… இதில் எது இருந்தாலும் வலிக்கிறதா இல்லையா என்று பார்க்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்த வாய்ப்பு அதிகம். ஊரில் ரிடையர் ஆகி உட்கார்ந்திருக்கிற அப்பாவையும் ஒரு தடவை 'ஆ காட்டுங்கப்பா' என்று கேளுங்கள். சின்ன வயதில் நம்மை எத்தனை தடவை கேட்டிருப்பார்!

அடுத்த வாரம் மாமா வந்தார். பையனும் வந்தான். மாமாவின் ரிவ்யூ காலையில். பையனுடையது வேறு இடத்தில், மத்தியானம். நான் ஆபீஸில் உட்கார்ந்து ஒரே ஃபைலை நாலு தடவை திறந்து மூடிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு போன் அடித்தது.

'பையனுக்கு இப்போதைக்குப் புற்று இல்லையாம் மாப்ளே. விட்டுட்டா சரியாகலாம், விடலைன்னா வரலாம்னு சொல்லியிருக்காங்க. துளி எடுத்துப் பார்த்தாச்சுன்னா நிச்சயமாத் தெரியுமாம். பொட்டலத்தை என்கிட்டக் கொடுத்துட்டான்.'

'அது இருக்கட்டும் மாமா… உங்களுக்கு?'

'எனக்கா? அடுத்த செக்கிங் நாலு மாசம் கழிச்சு' என்றார். பின்னால் டம்ளர்கள் மோதுகிற சத்தம் கேட்டது. 'இரு, டீ ஆறுது. அப்புறம் பேசறேன்.'